புள்ளிக்குப் பின் மூன்றாவது எண்

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கார் ஷெட்டின் ஷட்டரை இறக்கிவிட்டு லேத்தின் முன்னால் குனிந்திருந்த பல்செட்காரருக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து அளவு வந்தது.

"பன்னண்டு புள்ளி சைபர் சைபர் ஏழு."

வழக்கம்போல 'ம்' என்று முனகிவிட்டு, வலது தோளுக்கு மேலே கையை நீட்டிப் பிஸ்டனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதை லேத்தின் சக்கில், துண்டைக் கவ்விப் பிடிக்கிற மூன்று தாடைகளுக்கு நடுவில் மாட்டி, தேய்ப்புப் பசை தடவப் போன கை பாதியில் நின்றது. புள்ளிக்குப் பிறகு மூன்று எண்களா? அந்த ஷெட்டில் இருந்ததோ ஒரே ஒரு மைக்ரோமீட்டர். தலைகீழாக நின்று படித்தாலும் அது புள்ளிக்குப் பிறகு இரண்டு எண்ணுக்கு மேல் சொல்லாது.

"என்னடா மைக்ரான், கம்பெனியிலேர்ந்து புதுசா ஏதாவது சுட்டுட்டு வந்துட்டியா?" என்று திரும்பாமலே கேட்டார்.

பதில் இல்லை. ஸ்டூல் மட்டும் ஒரு தடவை கிரீச்சிட்டு அடங்கியது.

பதில் வராததில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. மைக்ரான் பேச்சில் மகா கஞ்சன். ஒரு மெஷின் தொழிற்சாலையில் குவாலிட்டி பார்ப்பவன். பெற்ற தாயே கடைந்து கொடுத்த துண்டாக இருந்தாலும் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கூடினால் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவான் என்று தொழிற்சாலையே சேர்ந்து வைத்த பெயர் அது. அவன் பதிலுக்கு இவருக்கு வைத்த பெயர்தான் பல்செட். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து தரும் லேபில் முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? தெருவும் அதையே பிடித்துக்கொண்டது.

லேத் மைக்ரானுடையதுதான். தையல் மெஷின் அளவு இருக்கும், மேசைமேல் வைக்கிற பொழுதுபோக்கு லேத். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கி, "எனக்கு இனிமே முடியலடா. நீ வெச்சுக்க," என்றான். கூடவே ஒரு தகர டப்பா. அதில் பாதி செய்து நிறுத்திய ஒரு குட்டி பெட்ரோல் எஞ்சின். முழுசாகச் சேர்த்தால் உள்ளங்கையில் அடங்கும். ஒரே சிலிண்டர், சுண்டுவிரல் நீள கிராங்க். ஆனால் பொம்மை இல்லை. பெட்ரோல் ஊற்றினால் தீப்பொறி பிடித்துப் படபடவென்று ஓடவேண்டிய அசல் எஞ்சின். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது பல்செட்காரருக்கு. பல்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அந்த எஞ்சினைப் பார்க்கவே பசி எடுத்தது.

முதல் நாளே மைக்ரான் ஒரு விதி போட்டான். வெட்டுகிறவன் அளக்கக்கூடாது. அளந்தால், தன் கை செய்ததைத் தன் கண் மன்னித்துவிடும். ஆகவே ஒருவர் லேத்தில், இன்னொருவர் பின்னால் ஸ்டூலில். துண்டைத் தோளுக்கு மேலே நீட்டினால் போதும். வெள்ளைக் கையுறை போட்ட கை அதை வாங்கும், மைக்ரோமீட்டர் 'டிக் டிக் டிக்' என்று இறுகும், எண் வரும், துண்டு திரும்பி வரும். அப்புறம் இன்னொன்று: வெட்டுகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது.

"திரும்பினா இடுப்பு திரும்பும். இடுப்பு திரும்பினா கைப்பிடியில இருக்கிற கை நகரும். அம்புட்டுதான், செஞ்ச வேலை பாழ்," என்றான். நியாயமாகத்தான் பட்டது. முதல் இரண்டு வாரம் கழுத்து தானாகத் திரும்பும்போதெல்லாம் பின்னந்தலையில் ஒரு தட்டு விழும். பிறகு கழுத்து பழகிவிட்டது.

எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், பல்செட்காரர் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கூடப்பிறந்த அண்ணனே தான் கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டார். சம்பளத்தைக் கூட்டக் கேட்டால் லேப் முதலாளி பத்து வருடமாக 'அடுத்த வருஷம்' என்கிறார். இந்த உலகத்தில் தன்னிடம் பொய் சொல்லாத ஒரே வாய் மைக்ரானின் வாய் என்று அவர் மனைவியிடமே சொல்லியிருக்கிறார். மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது தனிக்கதை. அந்த ஒரு நம்பிக்கையில்தான் வாரத்தில் இரண்டு மதியம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அன்று வேலை முடிந்து லேத்தை அணைத்துத் திரும்பினபோது ஸ்டூல் காலி. அதுவும் வழக்கம்தான், லேத் ஓடத் தொடங்கிய பிறகு பின் கதவு வழியாக வருவான், அணைப்பதற்குள் போய்விடுவான். அவனுக்கு ஊற்றி வைத்த டீ ஆடை கட்டி அப்படியே இருந்தது. ஐந்தாறு வாரமாக இப்படித்தான். சர்க்கரை வந்திருக்கும், வெளியே சொல்ல வெட்கப்படுகிறான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை. ஷெட்டில் ஜன்னல் கிடையாது; தகரக் கூரையில் மழை விழுகிற இரைச்சலும், பெல்ட் ஓடுகிற உறுமலும், மண்ணெண்ணெயும் சூடான எண்ணெயும் கலந்த வாசனையும் சேர்ந்து அறையைச் சின்னதாக்கின. லேத்தின் மேல் தொங்கிய விளக்கு ஒரு தட்டளவு வெளிச்சம் போட்டது. அதற்கு வெளியே எல்லாம் இருட்டு. பிஸ்டனை மெல்லச் சுற்றவிட்டு, பசை தடவிய பித்தளை வளையத்தை அதன்மேல் முன்னும் பின்னும் ஓட்டித் தேய்த்தார். துடைத்தார். நீட்டினார்.

"பன்னண்டு புள்ளி சைபர் சைபர் மூணு."

குரல் மைக்ரானுடையதுதான். சளி கட்டின அதே குரல். ஆனாலும் நேற்றைய எண் மனதுக்குள் மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. பல்செட்காரருக்கு ஒரு குறும்பு தோன்றியது. சட்டைப் பையில் லேபிலிருந்து வந்த ஒரு பொய்ப்பல் கிடந்தது. எடுத்தார். முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு, பிஸ்டனுக்குப் பதிலாக அதைத் தோளுக்கு மேலே நீட்டினார்.

மைக்ரானாக இருந்தால் என்ன செய்வான்? 'உன் மூஞ்சி' என்பான். பல்லைத் தலையில் எறிவான். முப்பது வருடப் பழக்கம்.

கையுறை பல்லை வாங்கிக்கொண்டது. டிக். டிக். டிக்.

"எட்டு புள்ளி ஆறு ஒண்ணு நாலு."

பல் திரும்பி உள்ளங்கைக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை. திட்டு வரவில்லை. பக்கத்தில் ஆள் இருந்தால் மூச்சாவது கேட்கவேண்டும். மழை இரைச்சலில் அதுவும் கேட்கவில்லை. பல்செட்காரருக்குப் பின்கழுத்தில் வியர்த்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்தார். கழுத்து திரும்பவில்லை. பழக்கிவிட்ட கழுத்து. அவர் லேத்தை அணைத்தார், பத்து வரை எண்ணினார், பிறகு திரும்பினார்.

ஸ்டூல் காலி. பின் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சும்மா பேச்சுக் கொடுத்தார். அவர் மனைவி ஒரு க்ளினிக்கில் நர்ஸ். சனி ஞாயிறு எல்லாம் டியூட்டிதான்.

"மைக்ரானுக்குச் சர்க்கரை ஏதாவது இருக்கா? டீயைத் தொடவே மாட்டேங்கறான்."

"அவர் எப்ப வந்தார் டீ குடிக்க?"

"நேத்து கூட வந்தானே. மூணு மணிக்கு."

அவள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "நேத்து மூணு மணிக்கு உங்க அருமை சிநேகிதர் எங்க க்ளினிக் பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். ரெண்டு மணி நேரம். தூக்க மாத்திரை வேணுமாம். கையில என்ன கையுறைன்னு கேட்டேன், வெடுக்குனு பைக்குள்ள விட்டுக்கிட்டார். நீங்க யாரைப் பார்த்தீங்க?"

"முகத்தைப் பார்க்கல," என்றார் பல்செட்காரர். அதற்குமேல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை லேபுக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே மைக்ரான் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தவனின் பின்னால் கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள், டேப் ஒட்டி அடுக்கியிருந்தன. வீட்டைக் காலி செய்கிறான். அதையும் சொல்லவில்லை.

"நீ என் வீட்டுக்குக் கடைசியா எப்ப வந்தே?"

மைக்ரான் பெட்டிமேல் உட்கார்ந்தான். "ஆறு வாரம் இருக்கும்."

"அப்போ பின்னாடி உட்கார்ந்து அளவு சொல்றது யாருடா?"

மைக்ரான் கையுறை போட்ட இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். பிறகு கேட்டான், "மூணாவது எண் சொல்ல ஆரம்பிச்சிடுச்சா?"

இவனுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாமே தெரிந்திருக்கிறது.

"அது லேத்தோட வந்ததுடா," என்றான் மைக்ரான். "எனக்கு வித்தவன் எங்கிட்ட சொல்லல. தனியா உட்கார்ந்து கடைஞ்சா அதுபாட்டுக்குப் பின்னாடி வந்து உட்காரும். நான் உனக்குக் கொடுத்தேன். ஆனா அது உடனே வராது. பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்து அளவு சொல்றது பழகணும். திரும்பிப் பார்க்காம இருக்கப் பழகணும். அது வரைக்கும் நான் உட்கார்ந்தேன்."

"அந்த விதி..."

"விதியெல்லாம் ஒண்ணும் இல்ல. ஸ்டூலை விட்டு எந்திரிச்சா உனக்குத் தெரியக்கூடாது. அதுக்குத்தான்."

பின்னந்தலையில் விழுந்த தட்டு ஒவ்வொன்றும் பல்செட்காரருக்கு இப்போது மறுபடி விழுந்தது. கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, இவன் குழியை வெட்டி, அதில் உட்கார நாற்காலியும் போட்டுக் கொடுத்திருக்கிறான். "ஏன்டா? நான் உனக்கு என்னடா செஞ்சேன்?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. வெட்கமாக இருந்தது. அடக்க முடியவில்லை.

மைக்ரான் இடது கையின் கையுறையைக் கழற்றினான்.

நான்கு விரல்கள் விரல்களாக இருந்தன. சுண்டுவிரல் மட்டும் பென்சில் மாதிரி இருந்தது. நகம் இல்லை. மடிப்பு இல்லை. அடியிலிருந்து நுனிவரை ஒரே கனம், ஒரே உருண்டை, பளபளவென்று. உற்றுப் பார்த்தால் அதன் மேல் மெல்லிய வளைய வளையமாகக் கோடுகள் ஓடின. லேத்தில் வெட்டின துண்டின்மேல் உளி விட்டுப் போகிற கோடுகள்.

"வலிக்கவே இல்லடா," என்றான். "ரத்தமும் வரல. அதுதான் என்னால தாங்க முடியல."

"அதுக்கு என்னடா வேணும்?"

"எல்லாம் சைஸுக்கு வரணும். அம்புட்டுதான். இரும்பு முடிஞ்சா ஆள்."

பல்செட்காரர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். முப்பது வருடச் சோறு இந்தப் பத்து விரல்களில்தான். அரிசி அளவு பல்லுக்கு வளைவு போடுகிற விரல்கள். அவை கைக்குள் மடங்கிக்கொண்டன.

"யாருக்காவது கொடுத்துடு," என்றான் மைக்ரான். "உன் மச்சினன் லேத்து கேட்டான்னியே. அவனை உட்கார வெச்சு, நீ ஒரு ரெண்டு மாசம் பின்னாடி உட்காரு."

"த்தூ!" என்றார் பல்செட்காரர். "நான் என்ன உன்னை மாதிரியா?"

மைக்ரான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பல்செட்காரர் பார்த்தார். பார்த்ததும், பாழாய்ப்போன மனசு, கொஞ்சம் இளகியது.

"அப்போ கழட்டி எறிஞ்சிடு," என்றான் மைக்ரான் மெதுவாக. "அடியில நாலு நட்டு. ஏரியில கொண்டு போய்ப் போடு. பிஸ்டன் இப்போ எவ்வளவு?"

"மூணு மைக்ரான் கூட இருக்கு."

"அப்போ பயம் இல்ல. பிஸ்டன் சைஸுக்கு வர்ற வரைக்கும் அது ஆளைத் தொடாது. நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. இன்னைக்கே போ. நேரா போ." அந்தக் கடைந்த விரலோடு அவர் கையைப் பிடித்தான். "என்னை மன்னிச்சிடுடா பல்செட்டு."

விரல் உலோகம் போலச் சில்லென்று இருந்தது. பல்செட்காரர் கையை உதறிக்கொண்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. வெளியே நல்ல வெயில். மனைவி க்ளினிக்கில். ஷெட்டின் ஷட்டரை முழுசாகத் தூக்கித் திறந்து வைத்தார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக வெளிச்சம் உள்ளே விழுந்தது. பாதி ஷெட் வரை வந்து நின்றுகொண்டது. லேத் இருந்த உள்மூலைக்கு எட்டவில்லை. ஸ்டூல் காலியாக இருந்தது. அதைத் தூக்கி வாசலுக்கு எறிந்தார். பிறகு லேத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டார். எப்போதோ லேபிலிருந்து கொண்டுவந்த வாய்க்கண்ணாடி ஒன்று, பல் பார்க்கிற நீளக் காம்பு வைத்த வட்டக் கண்ணாடி, அதை விளக்குக் கம்பியில் கட்டி, முதுகுப்பக்கம் தெரிகிறபடி திருப்பி வைத்தார். ஒருவன் ஏமாற்றினான் என்றால் நாமும் கொஞ்சம் புத்தியோடு இருக்கவேண்டாமா?

கண்ணாடியில் வெயில் தெரிந்தது. தெரு தெரிந்தது. ஒரு நாய் படுத்திருந்தது. அவருக்குப் பின்னால் யாரும் இல்லை.

பிஸ்டன் தட்டில் கிடந்தது. நேற்று அவர் வைத்துவிட்டுப் போனபடியே. இன்னும் மூன்று மைக்ரான்.

முதல் நட்டு கழன்றது. இரண்டாவது துரு பிடித்திருந்தது, மண்ணெண்ணெய் விட்டுத் திருப்பினார், கழன்றது. மூன்றாவதும். ஒவ்வொரு நட்டுக்கும் ஒருமுறை கண்ணாடியைப் பார்த்தார். நாய். தெரு. வெயில். நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஏரிக்கு எந்த வழியாகப் போகலாம் என்றுகூட யோசித்தார்.

நான்காவது நட்டு மோட்டாருக்குப் பின்னால், சுவரை ஒட்டி இருந்தது. லேத்துக்கும் சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. கன்னத்தை மேசையில் பதித்து, வலது கையைத் தோள்வரை அந்த இடைவெளிக்குள் விட்டுத் துழாவினார். தூசி. சிலந்தி வலை. இரும்புச் சுருள் ஒன்று முழங்கையில் கீறியது. விரல்நுனியில் நட்டு பட்டது.

நட்டுக்கு அப்பாலிருந்து ஒரு கை அவர் விரலை வாங்கிக்கொண்டது.

இழுக்கவில்லை. நசுக்கவில்லை. துணிக் கையுறை போட்ட கை. துண்டை வாங்குகிற அதே மென்மை.

பல்செட்காரர் கையை இழுத்தார். வரவில்லை. கத்தினார். கத்தினது ஷெட்டின் தகரத்தில் மோதித் தெருவுக்குப் போனது; கண்ணாடியில் நாய் தலையைத் தூக்கிப் பார்த்து மறுபடி படுத்துக்கொண்டது. அவருடைய முதுகுப்பக்கம் ஒன்றுமே இல்லை. வெயில் மட்டும்.

கண்ணெதிரே தட்டில் பிஸ்டன். முடியாத பிஸ்டன். அவன் பொய் சொல்லியிருக்கிறான். கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டே, கையைப் பிடித்துக்கொண்டே, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே. லேத் ஏரிக்குப் போனால் அது யாரிடம் திரும்பிப் போகும் என்று அவனுக்குத் தெரியும். ஆள் இங்கே வேண்டும். கை இந்த இடைவெளிக்குள் வேண்டும். அதற்குத்தான் நான்கு நட்டு, அதற்குத்தான் இன்றைக்கே போ, நேராகப் போ.

"அடப்பாவி," என்றார் பல்செட்காரர். "அடப்பாவி, உன்னைப் போய் நம்பினேனே."

ஆள்காட்டி விரலின் இருபக்கமும் மைக்ரோமீட்டரின் இரண்டு முனைகள் சில்லென்று வந்து ஒட்டின.

டிக்.

டிக்.

டிக்.

"பதினாறு புள்ளி எட்டு ஏழு ரெண்டு," என்றது மைக்ரானின் குரல், சுவருக்கும் இரும்புக்கும் நடுவிலிருந்து, எந்தக் கோபமும் இல்லாமல். பிறகு, இத்தனை நாளில் எண்ணைத் தவிர வேறெதுவும் சொல்லாத குரல், ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னது.

"அதிகம்."

பிளக் தரையில், அவர் பார்வை படுகிற இடத்தில்தான் கிடந்தது. கன்னத்துக்குப் பக்கத்தில், மேசையின் மரம் மெல்ல அதிரத் தொடங்கியது. அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், லேத்தின் சக்கில் இருந்த மூன்று தாடைகளும் யாரும் திருகாமலே ஒரே சீராக விரிந்தன. விரிந்து, ஒரு விரல் நுழையும் அகலத்தில் நின்று, காத்திருந்தன.